ஹீமோகுளோபின் குறைவா? ‘மூணு மாச சுகர்’ ரிப்போர்ட்டை அப்படியே நம்பாதீங்க!

தூத்துக்குடியில் இருக்கும் அம்மா வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்புகிறார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: “யய்யா, மூணு மாச சுகர் கூடிப் போச்சாம். மாத்திரைய கூட்டணும்ங்காங்க. என்னன்னு பாத்துச் சொல்லு.”

ஓஎம்ஆர் ஆபீஸில் லஞ்ச் இடைவேளையில் நீங்கள் அதைத் திறக்கிறீர்கள். முதல் பக்கத்தில் ஹெச்பிஏ1சி 7.9%, சிவப்பு எழுத்தில். அதற்குக் கீழே வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. போன வாரம் வீட்டு குளுக்கோமீட்டரில் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 150-ஐ ஒட்டித்தான் இருந்தது என்பது ஞாபகம் வருகிறது. அப்புறம் எப்படி 7.9?

பதில் அதே பிடிஎஃப்பின் இரண்டாவது பக்கத்தில் இருக்கலாம். ஹீமோகுளோபின்: 8.6.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் தமிழ்நாட்டில் இந்த ரெண்டு எண்களும் ஒரே ஆளிடம் சந்திக்க வாய்ப்பு ரொம்பவே அதிகம். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4% பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று பார்க்க நாம் அதிகம் நம்பும் டெஸ்ட் ஹெச்பிஏ1சி. அந்த டெஸ்ட்டையே குழப்பக்கூடிய பிரச்னை ரத்தசோகை.

(இந்தக் கட்டுரையில் சர்க்கரை எண்கள் எல்லாம், ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்.)

ஹெச்பிஏ1சி உண்மையில் எதை அளக்கிறது?

பெயர்தான் ‘மூணு மாச சுகர்’. ஆனால் இந்த டெஸ்ட் சர்க்கரையை நேரடியாக அளப்பதில்லை. நம் ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில், எத்தனை சதவீதத்தின் மேல் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது.

கருவாடு போடுவதை யோசித்துப் பாருங்கள். மீனில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்பது ரெண்டு விஷயத்தைப் பொறுத்தது. ஒன்று, எவ்வளவு உப்பு போட்டோம். இன்னொன்று, எத்தனை நாள் ஊறியது. சிவப்பணுவும் அப்படித்தான். அது சராசரியாக 120 நாள் வாழும். அத்தனை நாளும் சர்க்கரை கலந்த ரத்தத்தில் ஊறும். எல்லாருடைய சிவப்பணுவும் ஏறக்குறைய ஒரே காலம்தான் ஊறுகிறது என்ற நம்பிக்கையில்தான், ஒட்டிய சர்க்கரையை வைத்து ரத்தத்தின் சராசரிச் சர்க்கரையைக் கணக்கிடுகிறார்கள். 7% என்றால் சராசரி சுமார் 154. 7.9% என்றால் சுமார் 180.

ஊறும் காலம் மாறிவிட்டால்? உப்பு அதே அளவுதான், ஆனால் கரிப்பு கூடும், இல்லையென்றால் குறையும். பிரச்னை இங்கேதான் தொடங்குகிறது.

இதனால் ஹெச்பிஏ1சி மோசமான டெஸ்ட் என்று அர்த்தமில்லை. சர்க்கரை நோயாளிகளிடம் இந்த வகை ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை 1960-களின் இறுதியில் ஈரானிய மருத்துவர் சாமுவேல் ரஹ்பர் கண்டறிந்தார். ஹெச்பிஏ1சியைக் குறைத்து வைத்தால் கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்புகள் குறையும் என்று 1993-ல் வெளியான அமெரிக்காவின் டிசிசிடி ஆய்வு காட்டியது. 2011-ல் உலக சுகாதார நிறுவனம், 6.5% அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்று முடிவு செய்ய இந்த டெஸ்ட்டைப் பயன்படுத்தலாம் என்றது. ஆனால் அதே அறிக்கையில் ஒரு நிபந்தனையும் உண்டு: இந்த அளவீட்டைப் பாதிக்கும் உடல்நிலை எதுவும் அந்த நபருக்கு இருக்கக் கூடாது.

அந்த நிபந்தனை நம் லேப் ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை.

எப்போது கூட்டிக் காட்டும்? எப்போது குறைத்துக் காட்டும்?

தப்பு ரெண்டு பக்கமும் நடக்கும். ரெண்டுமே ஆபத்துதான்.

*கூட்டிக் காட்டும் நிலைகள்:* இரும்புச்சத்து குறைந்தால் உடல் புதுச் சிவப்பணுக்களைப் போதுமான அளவு தயாரிக்காது. ரத்தத்தில் வயதான அணுக்களின் பங்கு கூடும். நீண்ட நாள் ஊறிய மீன் மாதிரி, அவற்றில் ஒட்டிய சர்க்கரையும் அதிகம். அதனால் உண்மையான சர்க்கரை கூடாமலேயே ஹெச்பிஏ1சி கூடலாம். வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலக் குறைபாட்டிலும் இதே கதைதான். இன்னொரு சிக்கல்: சர்க்கரை நோய்க்கு முதலில் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுத்தால் பி12 குறைய வாய்ப்பிருக்கிறது. அதாவது, சிகிச்சையே சில நேரம் டெஸ்ட்டைக் குழப்பும்.

*குறைத்துக் காட்டும் நிலைகள்:* சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்தாலோ, புது ரத்தம் வேகமாக வந்து சேர்ந்தாலோ எண் இறங்கிவிடும். சமீபத்தில் அதிக ரத்தப்போக்கு, ரத்தம் ஏற்றியது, ரத்தசோகைக்கு இப்போதுதான் சிகிச்சை தொடங்கியிருப்பது, மண்ணீரல் வீக்கம், சிவப்பணு சிதையும் நோய்கள், கர்ப்பம் ஆகியவை இந்தப் பட்டியலில் வரும். முற்றிய சிறுநீரக நோயில் சிவப்பணுவின் ஆயுளே குறையும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ரத்தம் ஊற எரித்ரோபாய்டின் ஊசியும் போடுவார்கள். இதனால் ஹெச்பிஏ1சி ‘ரொம்ப நல்லா இருக்கே’ என்று பொய் சொல்லும்.

மரபணுவும் இதில் விளையாடும். ஜி6பிடி என்ற நொதியைப் பாதிக்கும் ஒரு மரபணு மாற்றம் ஹெச்பிஏ1சியைக் குறைத்துக் காட்டுவதை, 2017-ல் ‘பிளாஸ் மெடிசின்’ இதழில் வெளியான சர்வதேச ஆய்வு கண்டறிந்தது. அந்த டெஸ்ட்டை மட்டும் நம்பினால், அமெரிக்காவில் ஆப்பிரிக்க வம்சாவளியினரில் சுமார் ஆறரை லட்சம் பேரின் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படாமலே போகலாம் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. ஜி6பிடி குறைபாடு இந்தியாவிலும் இருக்கிறது. தலசீமியா, சிக்கிள் செல், ஹீமோகுளோபின்-ஈ போன்ற பரம்பரை மாற்றங்களும் டெஸ்ட்டைக் குழப்பலாம். இதில் ஹீமோகுளோபின்-ஈ வடகிழக்கு மாநிலங்களிலும் வங்காளத்திலும் அதிகம். அங்கிருந்து வேலைக்கு வரும் தொழிலாளர்கள் இருக்கும் ஊர்களில் டாக்டர்கள் இதையும் மனதில் வைக்க வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடியில் இது ஏன் கூடுதலாக முக்கியம்?

முதல் காரணம், வேலை நேரம். விடிவதற்கு முன்பே விசைப்படகில் கிளம்பி இரவில் கரை திரும்பும் மீனவரை, “வெறும் வயித்துல லேப்புக்கு வாங்க, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு திரும்ப வாங்க” என்று கூப்பிடுவது சுலபமில்லை. துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும் அதே கதைதான். எந்த நேரத்திலும், சாப்பிட்டிருந்தாலும் ரத்தம் கொடுக்கலாம் என்பதால் ஹெச்பிஏ1சி இவர்களுக்குத்தான் ரொம்ப வசதி. அதனால் அந்த ஒரே எண்ணைச் சார்ந்திருக்கும் நிலையும் இவர்களுக்கே அதிகம்.

இரண்டாவது, உப்பளம். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடியிலிருந்து வருகிறது. நிழலே இல்லாத பாத்திகளில் மணிக்கணக்கில் வேலை. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வுகள், அதீத வெப்பத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் சேர்த்துப் பேசுகின்றன. சிறுநீரகம் முற்றிலும் பழுதடையும் கட்டத்தில் ஹெச்பிஏ1சியின் நம்பகத்தன்மை குறையும் என்பதை மேலே பார்த்தோம். உப்பளங்களில் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் வேலை செய்கிறார்கள் என்பதால் ரத்தசோகைக் கேள்வியும் கூடவே வருகிறது.

மூன்றாவது, லோ சுகர். இதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. முத்துக்குளித்துறை என்ற பெயர் நிலைத்துவிட்டாலும், தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். ஆனால் சங்கு குளிப்பவர்கள் இன்றும் கடலுக்குள் இறங்குகிறார்கள். பொய்யாகக் கூடிய ஒரு ஹெச்பிஏ1சியைப் பார்த்து, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டிவிட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வீட்டில் என்றால் வியர்வை, நடுக்கம், உடனே ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் என்று சமாளிக்கலாம். கடலுக்கு அடியிலோ, கன்டெய்னர் தூக்கும் கிரேனிலோ, லாரி ஸ்டியரிங்கிலோ அது நடந்தால்?

மறுபக்கமும் உண்டு. டயாலிசிஸ் செய்யும் ஒருவரின் ஹெச்பிஏ1சி 6.3 என்று வந்து, வீட்டில் எல்லாரும் நிம்மதியாகிவிட்டால், உண்மையில் 200-க்கு மேல் ஓடும் சர்க்கரை கண்ணையும் காலையும் அமைதியாகக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

கர்ப்பிணிகளுக்கு தமிழ்நாடு ஏற்கெனவே வேறு அளவுகோல் வைத்திருக்கிறது

‘எல்லாருக்கும் ஒரே டெஸ்ட் சரிவராது’ என்பது நமக்குப் புதிதல்ல. கர்ப்ப காலத்தில் சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் ஹெச்பிஏ1சி இறங்கிவிடும். கர்ப்ப காலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க அதை நம்ப முடியாது.

இதற்கு எளிய வழி ஒன்றை முன்வைத்தவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. அவரும் ‘டிப்சி’ என்ற மருத்துவர் குழுவும் பரிந்துரைத்த முறை இதுதான்: கர்ப்பிணி சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். ரெண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், தூரத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருபவரையும் இன்னொரு நாள் வரச்சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டாம். மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளும் இந்த முறையை ஏற்றிருக்கின்றன. சேஷய்யாவின் பிறந்தநாளான மார்ச் 10, தேசிய கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

ஆளுக்கும் சூழலுக்கும் ஏற்ற அளவுகோலைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் இருக்கும் பாடம். அது கர்ப்பிணிகளுக்கு மட்டும் பொருந்துவதல்ல.

சரி, ஹெச்பிஏ1சியை நம்ப முடியாதவர்களுக்கு வேறு என்ன வழி?

*1. நேரடிச் சர்க்கரை டெஸ்ட்.* நோய் இருக்கிறதா என்று முடிவு செய்ய, இவர்களுக்கு ரத்தச் சர்க்கரையைத்தான் நேரடியாகப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து ரெண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல் என்பது கணக்கு. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு ஒரே ரிசல்ட்டை வைத்து முடிவு செய்யாமல் மீண்டும் உறுதிப்படுத்துவார்கள்.

*2. ஜோடி ஜோடியாக குளுக்கோமீட்டர்.* ஏற்கெனவே நோய் இருப்பவர்களுக்கு இதுதான் செலவு குறைந்த வழி. ஒரு நாள் காலை உணவுக்கு முன்னும், சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்தும். இன்னொரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு. அடுத்த நாள் இரவுக்கு. நேரத்தோடு எழுதி வைத்தால், ஒரு வாரத்தில் டாக்டர் படிக்கக்கூடிய ஒரு படம் கிடைத்துவிடும். பொதுவாகச் சாப்பாட்டுக்கு முன் 80-130, சாப்பிட்ட பின் 180-க்குள் என்பது இலக்கு. வயதானவர்களுக்கும் லோ சுகர் அடிக்கடி வருபவர்களுக்கும் டாக்டர் இதைத் தளர்த்துவார்.

*3. ஃப்ரக்டோசமைன், கிளைகேட்டட் அல்புமின்.* இவை ஹீமோகுளோபினுக்குப் பதிலாக ரத்தத்தில் இருக்கும் புரதத்தின் மேல் ஒட்டிய சர்க்கரையைப் பார்க்கும் டெஸ்ட்கள். அந்தப் புரதத்தின் ஆயுள் குறைவு என்பதால், கடந்த 2-3 வாரக் கதையைச் சொல்லும். ரத்தசோகை இவற்றைப் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் சிறுநீரில் புரதம் நிறையப் போனாலோ, கல்லீரல் சுருங்கியிருந்தாலோ, தைராய்டு பிரச்னை இருந்தாலோ இவையும் தவறும். பெரிய லேப்களில்தான் கிடைக்கும்.

*4. கையில் ஒட்டும் சென்சார்.* சிஜிஎம் எனப்படும் இந்தச் சின்ன வில்லை, தோலுக்கு அடியில் இருக்கும் திரவத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரையை அளந்து, சுமார் 14 நாளுக்கு ஒரு வரைபடமாகத் தரும். பொதுவான இலக்கு: நாளின் 70 சதவீதத்துக்கு மேல் நேரம் சர்க்கரை 70-க்கும் 180-க்கும் நடுவில் இருக்க வேண்டும், 70-க்குக் கீழே 4 சதவீதத்துக்கும் குறைவான நேரமே இருக்க வேண்டும். இது ஹெச்பிஏ1சிக்கு ஒப்பான ஓர் எண்ணையும் கணக்கிட்டுத் தரும். 14 நாள் சராசரி 150 என்றால் அந்த எண் சுமார் 6.9. லேப் 7.9 என்றும் சென்சார் 6.9 என்றும் சொன்னால், ஹீமோகுளோபின் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

சென்சாரின் விலை சில ஆயிரம் ரூபாய். வருடம் முழுக்க ஒட்டத் தேவையில்லை. சந்தேகம் வரும்போது ஒருமுறை ஒட்டினாலே நிறையத் தெரிந்துவிடும். ஆனால் பரவலாகக் கிடைக்கும் ஒரு சென்சார், 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரைதான் தண்ணீரைத் தாங்கும். குளிக்கலாம், சங்கு குளிக்க முடியாது.

இந்த வழிகளிலும் கவனிக்க வேண்டியவை

மக்ரூன் சாப்பிட்ட கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால், மீட்டர் உங்கள் ரத்தத்தோடு சேர்த்து மக்ரூனையும் அளக்கும். பழம் நறுக்கிய கைக்கும் இது பொருந்தும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புக்கு வெயிலும் ஈரக்காற்றும் எதிரி. தூத்துக்குடியில் ரெண்டுக்கும் பஞ்சமில்லை. பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளை 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்வார்கள். பைக் பாக்ஸ், படகுத் தளம், ஜன்னல் ஓரம் எல்லாம் வேண்டாம். டப்பா மூடியை உடனே மூடுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். நல்ல மீட்டரிலேயே 15% வரை வித்தியாசத்தை சர்வதேசத் தரவிதி ஏற்றுக்கொள்கிறது. மீட்டர் 200 காட்டினால் உண்மை 170 முதல் 230-க்குள் எங்கேயும் இருக்கலாம். இன்னொன்று: கடுமையான ரத்தசோகை பல மீட்டர்களில் சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், உடலில் நீர் வற்றியிருந்தால் குறைத்துக் காட்டும்.

லேப் சர்க்கரையும் தப்பலாம். எடுத்த ரத்தம் சும்மா நின்றால், அதில் இருக்கும் அணுக்களே சர்க்கரையைத் தின்னும். சாதாரண வெப்பநிலையில் மணிக்கு 5-7% குறையும். வெயிலில் இன்னும் வேகமாக. முகாமில் எடுத்த ரத்தம் மூணு மணி நேரம் கழித்து லேப் போய்ச் சேர்ந்தால், உண்மையான 130 கிட்டத்தட்ட 110 ஆகிவிடும். சர்க்கரை நோயாளி ‘பார்டர்’ ஆகிவிடுவார். ஃப்ளோரைடு சேர்த்த, சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் எடுத்து, சீக்கிரம் பிரித்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அந்த அம்மாவின் 118-ஐக் கூட, எப்படி எடுத்தார்கள் என்று கேட்காமல் முழுதாக நம்பிவிட முடியாது.

அப்போ ரிப்போர்ட் வந்ததும் என்ன செய்வது?

• ஹெச்பிஏ1சியை மட்டும் பார்க்காமல் ஹீமோகுளோபினையும் பாருங்கள். பெண்களுக்கு 12-க்கும் ஆண்களுக்கும் 13-க்கும் கீழே இருந்தால் ரத்தசோகை. கர்ப்பிணிகளுக்கு இந்த எல்லை 11. கிரியாட்டினினையும் பாருங்கள்.

• ஹெச்பிஏ1சி சொல்லும் சராசரியும் வீட்டு மீட்டர் எண்களும் ஒத்துப்போகிறதா? 7-க்கு 154, 8-க்கு 183, 9-க்கு 212 என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப விலகினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

• கடந்த மூணு மாதத்தில் ரத்தம் ஏற்றியது, அறுவை சிகிச்சை, அதிக மாதவிடாய்ப்போக்கு, இரும்புச்சத்து ஊசி, டயாலிசிஸ் இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

• பரம்பரை ரத்தக் குறைபாடு இருந்தால், எந்த முறையில் டெஸ்ட் செய்தார்கள் என்று லேப்பில் கேளுங்கள். சில முறைகளை ஹீமோகுளோபின் மாற்றங்கள் குழப்பும், சிலவற்றைக் குழப்பாது.

• முக்கியமாக, இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். ‘எண் பொய்யாக இருக்கலாம்’ என்பது ஒரு கேள்வி மட்டும்தான்.

இனி அந்த வாட்ஸ்அப்புக்கு வருவோம். அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய பதில் “ஒண்ணுமில்லம்மா” என்பதும் இல்லை, “ஸ்வீட்டை நிறுத்துங்க” என்பதும் இல்லை. “ரெண்டாவது பக்கத்துல ஹீமோகுளோபின் 8.6-னு இருக்கு. அதை டாக்டர்கிட்ட காட்டி, ‘இதனால சுகர் கூட காட்டுமா, வேற டெஸ்ட் பாக்கணுமா’ன்னு கேளுங்க. ஒரு வாரம் சாப்பிடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மீட்டர்ல பாத்து எழுதி வைங்க. அதுவரைக்கும் இப்போ போடுற மாத்திரையை விடாதீங்க.”

அவ்வளவுதான். ஒருவேளை உண்மையிலேயே சர்க்கரை கூடியிருந்தால், அந்த ஒரு வாரக் குறிப்பிலேயே அது தெரிந்துவிடும். கூடவில்லை என்றால், தேவையில்லாத ஒரு மாத்திரை தவிரும். எப்படியிருந்தாலும் 8.6-க்கு வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரைப் பதற்றத்தில் பெரும்பாலும் மறந்துபோவது அதுதான்.